உப்பு ரோட்டில் மியாட்டா: துருவுக்கு இடம் கொடுக்காமல் குளிர்காலம் ஓட்டுவது

கேள்வி: கனடாவில் ஸ்கார்பரோவில் இருக்கிறேன். ஆசைப்பட்டு 2003 மாஸ்டா மியாட்டா ஒன்று, துணிக்கூரை வைத்த இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார், வாங்கிவிட்டேன். இருப்பது இந்த ஒரு கார்தான், பனிக்காலத்திலும் இதில்தான் வேலைக்குப் போக வேண்டும். பனியை உருக்க ரோட்டில் கொட்டும் உப்பில் துருப்பிடிக்காமல் காப்பாற்ற முடியுமா? கராஜில் ஹீட்டர் இருக்கிறது, அதில் நிறுத்தினால் போதுமா? துருவைத் தடுக்கும் எலக்ட்ரானிக் பெட்டி என்று ஒன்று விற்கிறார்களே, வாங்கலாமா?

பதில்:

ஓட்டலாம். பனியில் இந்த மாதிரிக் காரை வெளியே எடுப்பதே பாவம் என்று சொல்கிறவர்கள் இருப்பார்கள். அவர்களிடம் பெரும்பாலும் இன்னொரு கார் இருக்கும். உங்களுக்கு அந்த வசதி இல்லை என்பதால் அந்தப் பேச்சை விட்டுவிடுவோம்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். மியாட்டாவைத் தின்பது வெளியே கண்ணுக்குத் தெரியும் துரு இல்லை. தகரப் பெட்டிகளுக்குள் தண்ணீர் புகுந்து, வெளியேற வழியில்லாமல் தேங்கி, உள்ளிருந்து அரித்துக்கொண்டு வரும் துருதான் ஆளைக் கவிழ்க்கும். பெயின்ட்டில் கொப்புளம் தெரியும்போது உள்ளே தகரம் ஏற்கெனவே போயிருக்கும். அதனால் மேலே மெழுகு போட்டுத் தேய்க்கிற நேரத்தில் பாதியையாவது, மறைவாக இருக்கும் நாலைந்து இடங்களுக்குக் கொடுங்கள்.

உங்கள் கார் 1998 முதல் 2005 வரை வந்த இரண்டாம் தலைமுறை, என்பி என்பார்கள். இதில் இரண்டு இடங்கள் பேர்போனவை. ஒன்று, கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டி, அதாவது ராக்கர். அதன் பின்கோடி, பின் சக்கரத்துக்குச் சற்று முன்னால் வரும் இடம், முதலில் போகும். இன்னொன்று, எஞ்சினுக்கு இருபுறமும் முன்னோக்கிப் போகும் ஃப்ரேம் ரெயில். விபத்தில் மடங்கி அடியை வாங்கிக்கொள்வதற்காக இந்தத் தலைமுறையில் அங்கே தகரத்தை அடுக்கடுக்காக வைத்துக் கட்டியிருக்கிறார்கள். அந்த அடுக்குகளுக்கு இடையே உப்புத்தண்ணீர் போனால் காய்வதே இல்லை. வெளியே கறுப்பு பெயின்ட் நன்றாகவே இருக்கும், கையால் அழுத்தினால் உள்ளே போகும்.

ராக்கர் ஏன் முக்கியம் என்றால், இது தகரக் கூரையில்லாத கார். சாதாரணக் காரில் முன்னையும் பின்னையும் கூரை இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. இங்கே அந்த வேலையில் பெரும்பங்கு கீழே இருக்கும் ராக்கருக்கும் சீட்டுகளுக்கு நடுவே மேடாக ஓடும் டனலுக்கும். ராக்கர் ஓட்டையைப் புட்டி வைத்து அடைத்துப் பெயின்ட் அடித்துக் கொடுப்பவர்கள் உண்டு. அது துருவை மறைக்கும், வலுவைத் தராது. பின்னாளில் காரை விற்கும்போது ஒன்டாரியோவில் சேஃப்டி, அதாவது ஓட்டத் தகுதியான கார் என்ற சான்று, எடுக்கப் போனால், தட்டிப் பார்க்கத் தெரிந்த மெக்கானிக் நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்.

நீங்களே தட்டிப் பார்க்கலாம். ஸ்க்ரூடிரைவரின் பிடியைக் கொண்டு ராக்கரின் அடிப்பக்கத்தை முன்னிருந்து பின்னாகத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல தகரம் டங் டங் என்று சொல்லும். பின்கோடி வரும்போது சத்தம் டொக் என்று மழுங்கினால், உள்ளே ஈர மண்ணோ துருச் செதிலோ சேர்ந்திருக்கிறது. ஃப்ரேம் ரெயிலுக்கும் அதே சோதனைதான். இரண்டில் எது மெத்தென்று இருந்தாலும் இந்தப் பதிலின் மீதியை இப்போதைக்கு மறந்துவிட்டு, வெட்டி எடுத்துப் புதுத் தகரம் வைத்து வெல்டிங் செய்பவரைத் தேடுங்கள். ஓட்டையான ரெயிலுக்கு எண்ணெய் அடிப்பது வெட்டிச் செலவு.

எல்லாம் கெட்டியாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இப்போது எதிரியைப் பற்றிக் கொஞ்சம்.

ஒன்டாரியோவில் உப்புக்குப் பஞ்சமே கிடையாது. ஹூரான் ஏரிக் கரையில் காட்ரிச் என்ற ஊரில், ஏரிக்கு அடியில், உலகின் மிகப் பெரிய நிலத்தடி உப்புச் சுரங்கம் இருக்கிறது. ரோட்டில் கொட்டுவதில் பெரும்பகுதி நாம் சமையலில் போடும் அதே சோடியம் குளோரைடுதான். அது சுமார் மைனஸ் 10 டிகிரி வரை உருப்படியாக வேலை செய்யும். அதற்குக் கீழே போனால் கால்சியம் குளோரைடு, மக்னீசியம் குளோரைடு கரைசல்களைச் சேர்ப்பார்கள். பனி விழுவதற்கு முன்பே ஹைவேயில் சீப்பால் வாரியது போல நீள நீளமாக வெள்ளைக் கோடுகளைப் பார்த்திருப்பீர்கள், அது முன்கூட்டியே தெளித்த உப்புக் கரைசல் காய்ந்த தடம். கட்டி உப்பு காரில் பட்டுத் தெறித்துப் போய்விடும். கரைசல் அப்படியில்லை, புகாத இடுக்கெல்லாம் புகும்.

இதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. சோடியம் குளோரைடு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக் கரைய, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். கால்சியம் குளோரைடுக்கு 30 சதவீதம் தாண்டினாலே போதும். வெயில் அடிக்கிற நாளிலும் காரின் அடிவயிறு பிசுபிசுவென்று இருப்பது இதனால்தான். இரும்பு, தண்ணீர், ஆக்சிஜன் மூன்றும் இருந்தாலே துரு வரும். உப்பு அந்தத் தண்ணீரில் மின்சாரம் எளிதாக ஓடும்படி செய்து, வேலையைப் பல மடங்கு வேகப்படுத்துகிறது.

சூடான கராஜ் பற்றிக் கேட்டீர்கள். துரு ஒரு வேதிவினை, குளிரில் அது மந்தமாகும், சூட்டில் வேகம் பிடிக்கும். மைனஸ் 15 டிகிரியில், உப்புப் பூத்து வெள்ளையாக வெளியே நிற்கும் கார் பார்க்கப் பரிதாபமாக இருக்கும், ஆனால் அந்த நேரத்தில் அதிகம் துருப்பிடிக்காது. அதே காரைச் சேறும் சகதியுமாகக் கொண்டுபோய்ப் பிளஸ் 15 டிகிரி கராஜில் விட்டால், சக்கர வளைவில் ஒட்டிய பனி உருகி உப்புநீராகி, ராத்திரி முழுக்க ஒவ்வொரு இணைப்பிலும் ஊறும். காலையில் எடுத்துப் போய் மறுபடி சகதி, மறுபடி ஊறல். துருவுக்கு இதைவிட வசதியான இடம் அமையாது. எனவே ஹீட்டரை அணைத்துவிடுங்கள். காற்றோட்டம் உள்ள, சூடில்லாத கராஜ் நல்லது, சுவரில்லாத கூரைக் கொட்டகையான கார்போர்ட்டும் நல்லது. கழுவித் துடைத்து இரண்டு நாள் எடுக்கப் போவதில்லை என்றால் மட்டும் சூடு போட்டுக் காய விடலாம்.

இதே காரணத்தால், நம் ஊர்க் குளிர்காலத்தில் காருக்கு மோசமான மாதம் ஜனவரி இல்லை, மார்ச். பகலில் உருகும், இரவில் உறையும், ரோட்டில் உப்பு அப்படியே கிடக்கும், காற்றில் ஈரம் ஏறியிருக்கும். வெயிலைப் பார்த்ததும் ‘சரி, குளிர் முடிந்தது’ என்று பலர் கழுவுவதை நிறுத்துவதும் அப்போதுதான். நல்ல மழை நாலு தரம் பெய்து ரோடு அலசப்படும் வரை கழுவிக்கொண்டே இருங்கள்.

இனி செய்ய வேண்டிய வேலைகள். முதல் வேலைக்குக் காசே ஆகாது, அதனாலேயே யாரும் செய்வதில்லை: வடிகால். துணிக்கூரையில் விழும் தண்ணீர் பின்பக்கம் ஒரு பிளாஸ்டிக் வாய்க்காலில் இறங்கி, சீட்டுகளுக்குப் பின்னால், சீட்பெல்ட் தூண்களுக்குப் பக்கத்தில் இருக்கும் இரண்டு துளைகள் வழியாகக் குழாயில் போய், பின் சக்கரங்களுக்கு முன்னால் தரையில் விழ வேண்டும். இருபது வருடத் தூசி, மேப்பிள் இலை, பைன் ஊசி எல்லாம் சேர்ந்து அந்தத் துளையை அடைத்திருக்கும். அடைத்தால் தண்ணீர் வழிந்து கார்ப்பெட்டுக்கும் ராக்கருக்குள்ளும் போகும். ராக்கரின் பின்கோடி முதலில் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஒரு டம்ளர் தண்ணீரை அந்தத் துளைப்பக்கம் மெதுவாக ஊற்றிவிட்டுக் குனிந்து பாருங்கள். சில நொடிகளில் பின் சக்கரத்துக்கு முன்னால் ஒழுக வேண்டும். ஒழுகவில்லை என்றால் புல் வெட்டும் டிரிம்மரில் போடும் நைலான் நரம்பை எடுத்து, நுனியை நெருப்பில் லேசாகக் காட்டி மழுக்கிவிட்டு, சுழற்றிச் சுழற்றி உள்ளே விடுங்கள். கறுப்புக் குழம்பாக வெளியே வரும். கம்பி, கோட் ஹேங்கர் எதையும் விட்டுக் குத்தாதீர்கள். உள்ளே இருக்கும் குழாய் கழன்றால் அப்புறம் தண்ணீர் நேராகக் காருக்குள் போகும். சீட்டுக்குப் பின்னால் கார்ப்பெட்டைத் தொட்டுப் பார்ப்பதையும் வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். ஈரமாக இருந்தால் அடைப்பு என்று அர்த்தம்.

கதவின் அடிவிளிம்பிலும் ராக்கரின் அடி மடிப்பிலும் சின்னச் சின்ன வடிகால் பிளவுகள் உண்டு. பல்குத்தும் குச்சியே போதும். அப்புறம் முன் சக்கரத்தைக் கழற்றி, ஃபெண்டருக்குள் இருக்கும் பிளாஸ்டிக் உறையின் பின்பாதியைத் திறந்து பாருங்கள். கதவுக்கு முன்னால், ஃபெண்டரின் கீழ்க்கோடியில், இலையும் மணலும் கலந்து கைப்பிடி கைப்பிடியாக ஈர மண் வரும். உப்பு ஊறிய அந்த மண் வருடக்கணக்கில் அங்கேயே தகரத்தோடு ஒட்டிக் கிடக்கும். ஃபெண்டரின் கீழ்க்கோடியில் ஓட்டை விழுந்த பழைய மியாட்டாக்களை இவ்வளவு பார்ப்பதற்கு அந்த மண்தான் காரணம்.

அடுத்தது எண்ணெய். கனடாவில் கிரௌன், ரஸ்ட் செக் மாதிரிக் கடைகள் வருடா வருடம் எண்ணெய் அடித்துக் கொடுக்கின்றன. செலவு ஏறத்தாழ ஒரு நல்ல டயரின் விலை. நீங்களே செய்வதென்றால், ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் லானோலின் கொழுப்பில் செய்த ஃப்ளூயிட் ஃபிலிம் போன்றவை ஸ்ப்ரே டப்பாவாகவே கிடைக்கும், முனையில் மாட்ட நீளக் குழாயும் கிடைக்கும். இங்கிலாந்துக்காரர்கள் உள்ளறைகளுக்கு மெழுகு அடிப்பதை விரும்புவார்கள். மெழுகு வருடக்கணக்கில் நிற்கும், ஆனால் தகரம் சுத்தமாகவும் உலர்ந்தும் இருக்க வேண்டும். இருபது வருடம் ஓடிய காரின் ராக்கருக்குள் அந்தச் சுத்தத்தை எதிர்பார்க்க முடியாது. எண்ணெய் ஏற்கெனவே இருக்கும் துருவுக்குள்ளும் மடிப்புக்குள்ளும் ஊர்ந்து போகும். அதனால் உங்கள் காருக்கு நான் எண்ணெய் என்றுதான் சொல்வேன், வருடா வருடம் மறுபடி அடிக்க வேண்டும் என்ற தொல்லையோடு.

செப்டம்பர் கடைசி அல்லது அக்டோபரில், வெயில் இருக்கும்போதே செய்துவிடுங்கள். சூட்டில்தான் எண்ணெய் நன்றாக ஊரும். ராக்கர், ஃப்ரேம் ரெயில், கதவின் உள்பக்கம், டிரங்கின் அடிமடிப்பு இவற்றுக்குள் அடிப்பதுதான் முதல் காரியம், கண்ணுக்குத் தெரியும் அடிப்பாகம் இரண்டாம் பட்சம். கடைக்காரர் அடிப்பக்கம் மட்டும் கறுகறுவென்று நனைத்துவிட்டு அனுப்பினால் ஏமாறாதீர்கள். ராக்கருக்குள் எந்தத் துளை வழியாக அடித்தீர்கள் என்று கேளுங்கள். சிலர் புதிதாகத் துளை போட்டு பிளாஸ்டிக் மூடி வைப்பார்கள். இருக்கிற துளைகளையும் ரப்பர் மூடிகளையும் பயன்படுத்தச் சொல்வது என் விருப்பம். வேறு வழியில்லை என்றால் துளை போடலாம், அதன் விளிம்புக்கு உடனே பெயின்ட் தொட்டு வைக்க வேண்டும். பிரேக் டிஸ்க், பேட், எக்ஸாஸ்ட், பெல்ட் இவற்றில் எண்ணெய் படக்கூடாது. சில எண்ணெய்கள் ரப்பர் புஷ்ஷை ஊதச் செய்யும், டப்பாவில் எழுதியிருப்பதைப் படியுங்கள். அடித்த பிறகு ஓரிரு நாள் ஒழுகும். டிரைவ்வேயில் கல் பதித்திருந்தால் அட்டை விரித்து வையுங்கள், வீட்டில் சண்டை வராது.

ஒன்றை மட்டும் செய்யவே செய்யாதீர்கள்: ரப்பர் மாதிரிக் கெட்டியாகக் காயும் தார் அண்டர்கோட்டிங். புதிதில் பார்க்க அழகாக, திடமாக இருக்கும். ஒரு கல் பட்டு வெடிப்பு விட்டால் போதும், உப்புத்தண்ணீர் பின்னால் புகுந்துகொண்டு வெளியே வராது. மேலே தார் பளபளக்கும், அடியில் தகரம் செதில் செதிலாக உதிரும். பழைய எஞ்சின் ஆயிலை அடிக்கும் வழக்கமும் கிராமப்பக்கம் இருந்தது. ரோட்டில் ஒழுகி மண்ணைக் கெடுப்பதோடு, அதில் சேர்ந்திருக்கும் அமிலம் தகரத்துக்கும் நல்லதில்லை.

கழுவுவதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. வெப்பம் பூஜ்யத்துக்கு மேல் ஏறும் நாளில், அடிப்பக்கத்துக்கும் தண்ணீர் பீய்ச்சும் இடத்துக்கு எடுத்துப் போங்கள். காயின் வாஷ் என்றால் இன்னும் நல்லது, குனிந்து உட்கார்ந்து சக்கர வளைவின் உள்விளிம்பு, பம்பரின் பின்பக்கம், ராக்கரின் அடிமடிப்பு என்று நீங்களே குறிபார்த்து அடிக்கலாம். சோப்பு முக்கியமில்லை, நிறைய நல்ல தண்ணீர் முக்கியம். சில ஆட்டோமேட்டிக் வாஷ்களில் தண்ணீரை மறுசுழற்சி செய்வார்கள், கடைசி அலசலாவது புதுத் தண்ணீரா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். சமையல் சோடா கலந்து கழுவினால் உப்பு முறியும் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு வாருங்கள். சோடா முறிப்பது அமிலத்தை, உப்பு அமிலம் இல்லை. கழுவிய கையோடு கதவு ரப்பர்களைத் துடையுங்கள், இல்லாவிட்டால் மறுநாள் கதவு திறக்காது. வீடு திரும்பும் வழியில் பிரேக்கை நாலைந்து தரம் நன்றாக அழுத்தி டிஸ்க்கைக் காய வையுங்கள்.

டயரைப் பற்றி ஒரு வரி: வின்டர் டயர் போட்டால் இந்தக் கார் பனியில் நீங்கள் நினைப்பதைவிட ஒழுங்காகப் போகும், 2016 முதல் ஒன்டாரியோவில் அதற்கு இன்ஷூரன்ஸ் தள்ளுபடியும் உண்டு. டயர் மாற்றும்போதே மட் ஃபிளாப் நான்கையும் மாட்டிவிடுங்கள். அழகைக் கொஞ்சம் கெடுக்கும்தான். ஆனால் முன் டயர் வாரி அடிக்கும் கல்லும் மணலும் ராக்கரின் பெயின்ட்டை உரிப்பதை அது தடுக்கும்.

டயர் கடையில் காரை எங்கே ஜாக் வைத்துத் தூக்குகிறார்கள் என்று கூடவே நின்று பாருங்கள். மியாட்டாவின் ராக்கருக்கு அடியில் துருத்தி நிற்கும் மடிப்பு மெலிசானது. நடுவில் ஜாக் வைத்தால் நசுங்கி, பெயின்ட் விரிந்து, இரண்டு தகரமும் சேரும் இணைப்பு வாய் பிளக்கும். அன்றைக்கே துருவுக்கு வாசல் திறந்தாகிவிட்டது. முன்னே நடுக் கிராஸ்மெம்பரிலும் பின்னே டிஃபரென்ஷியல் பெட்டிக்கு அடியிலும் ஜாக் வைக்கலாம், ஸ்டாண்டை மட்டும் குறித்த இடத்தில் வைக்க வேண்டும்.

துரு என்றாலே எல்லோரும் பாடியை நினைப்பார்கள், செலவு வைப்பது பெரும்பாலும் போல்ட். மியாட்டாவில் சக்கரத்தைத் தாங்கும் கீழ்க் கன்ட்ரோல் ஆர்ம்களில் வீல் அலைன்மென்ட் திருத்தும் நீள போல்ட்கள், புஷ்ஷுக்குள் இருக்கும் இரும்புக் குழலோடு துருவால் ஒட்டிக்கொண்டால் பிறகு அலைன்மென்ட்டே செய்ய முடியாது, அறுத்துத்தான் எடுக்க வேண்டும். இப்போதே அவை சுழல்கின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். சுழன்றால் பழைய நிலையைக் குறித்துக்கொண்டு உருவி எடுத்து, ஆன்ட்டி-சீஸ் பேஸ்ட் தடவித் திருப்பிப் போட்டு, அலைன்மென்ட் பார்த்துவிடுங்கள். சக்கரம் உட்காரும் ஹப் முகத்திலும் மெலிதாக அதே பேஸ்ட். பிரேக் கேலிப்பரின் ஸ்லைடு பின்களுக்கு அதற்கென்று உள்ள கிரீஸ். பின்பக்கம் ஓடும் பிரேக் குழாய்கள் இரும்பு, அவற்றில் செதில் எழும்பியிருந்தால் செம்பு-நிக்கல் கலவைக் குழாயாக மாற்றிவிடுங்கள், அதற்கு உப்பு அவ்வளவாக ஏறாது.

‘துருப்பிடிக்காத ஸ்போர்ட்ஸ் கார்’ வாங்கியிருக்கலாமோ என்று மனம் அலைபாய்ந்தால், அதிலும் நுணுக்கம் உண்டு. போர்ஷே 911 பாடிக்கு 1976 மாடலிலிருந்து முழுக்கத் துத்தநாகப் பூச்சு கொடுத்தார்கள், அது உண்மையாகவே பெரிய வித்தியாசம். கார்வெட்டின் மேல்பாடி ஃபைபர்தான், ஆனால் அடியில் இருக்கும் ஃப்ரேம் மிகப் பெரும்பாலான பழைய மாடல்களில் இரும்பு. வெளியே அப்பழுக்கில்லாமல் மின்னும் கார்வெட்டின் கீழே படுத்துப் பார்த்தவர்களுக்கு அந்தச் சோகம் தெரியும். இப்போதைய மியாட்டாவில் பானெட், முன் ஃபெண்டர், டிரங்க் மூடி எல்லாம் அலுமினியம். ராக்கரும் தரையும் அங்கேயும் இரும்புதான், அதனால் மேலே சொன்ன வேலைகளில் பெரும்பாலானவை அதற்கும் பொருந்தும்.

எலக்ட்ரானிக் பெட்டி விஷயத்துக்கு வருகிறேன். கப்பலிலும் பூமிக்கடியில் போகும் பைப்லைனிலும் மின்சாரம் கொடுத்துத் துருவைத் தடுப்பது உண்மையான தொழில்நுட்பம். அங்கே இரும்பு முழுக்கத் தண்ணீரிலோ ஈர மண்ணிலோ மூழ்கியிருக்கிறது, மின்சுற்று பூர்த்தியாக ஊடகம் இருக்கிறது. கார் நிற்பது காற்றில். ராக்கருக்குள் இருக்கும் ஒரு துளி உப்புநீருக்கும் பேட்டரி பக்கத்தில் ஒட்டிய பெட்டிக்கும் இடையே அந்தச் சுற்று அமைய வழியே இல்லை. அமெரிக்காவில் இப்படி ஒரு கருவியை விற்ற நிறுவனத்தின் மீது அங்கிருக்கும் மத்திய வர்த்தக ஆணையம் 1990களிலேயே பொய் விளம்பரத்துக்காக நடவடிக்கை எடுத்தது. பெட்டிக்குக் கேட்கும் பணத்தை அக்டோபருக்கு எடுத்து வையுங்கள், எண்ணெய்க்கும் மட் ஃபிளாப்புக்கும் ஆகும். நைலான் நரம்பைத் தேடி வடிகாலைக் குத்தும் வேலையை இந்தச் சனிக்கிழமையே முடித்துவிடுங்கள்.